வேதியியலில் இருந்து ஆன்டிபாடிக்கு மாறலாமா?

மருந்து வேதியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) ஆய்வகத்தில் சேர்ந்தால் படித்தது வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, சேருங்கள். உயிர்வேதியியலாளர் சீசர் மில்ஸ்டைன்கூட முதலில் நொதி ஆய்வில் இருந்தவர்தான். வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாங்கர் சொல்லி ஆன்டிபாடிக்கு வந்தார், 1984இல் நோபல்.

உங்களுக்கு ஏற்றது ஆன்டிபாடியில் மருந்தைக் கோக்கும் வேலை. கேட்சைலா, என்ஹெர்டு என்று இப்படிக் கோத்த இரண்டு புற்றுநோய் மருந்துகளிலும் ஆன்டிபாடியின் அமினோ அமில வரிசை ஒன்றே. ஆனால் ஒரு ஆன்டிபாடிக்குச் சராசரியாக முதலாவதில் 3.5 மருந்து மூலக்கூறு, இரண்டாவதில் சுமார் 8. முதலாவதின் இணைப்பு அறுபடாது. இரண்டாவதின் இணைப்பைப் புற்றுசெல்லுக்குள் நொதி வெட்டிவிடும். இதெல்லாம் உங்கள் வேதியியல்தானே!

செல் வளர்ப்பு கைக்குப் பழகக் கொஞ்ச நாளாகும், சரி. அப்புறம், எத்தனை மருந்து மூலக்கூறு கோத்திருக்கிறது என்று எடைபோட்டுப் பார்க்க அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.