கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கு: உதவித்தொகைக்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வசிக்கிறோம், குடும்பத்தில் எல்லோருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. என் மகனுக்கு வயது 19. பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டுக் கல்லூரி) இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறான். அடுத்த ஆண்டு பெர்க்லிக்கோ ஸ்டான்ஃபோர்டுக்கோ மாற விரும்புகிறான். கடந்த மே மாதம் என் கணவருக்கு வேலை போய்விட்டது. ஆனால் 2026-27 கல்வியாண்டுக்கான ஃபாஃப்சாவில் (மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பப் படிவம்) 2024ஆம் ஆண்டு வருமானத்தைத்தான் காட்ட வேண்டுமாம். அந்த ஆண்டு நன்றாகச் சம்பாதித்தோம். தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஓர் ஆலோசகர், 4,000 டாலர் கொடுத்தால் உதவித்தொகைக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்கிறார். மகனைப் பெற்றோரைச் சாராதவன் என்று காட்டி எங்கள் வருமானத்தைக் கணக்கில் வராமல் செய்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதேனும் கொடுத்திருந்தால் அதைத் திருப்பித் தரும்படி இன்றே எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் உண்மையான சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அது கணவரின் 2024ஆம் ஆண்டு வருமானம். அதற்கு முறையான வழி இருக்கிறது, அந்த வழிக்குக் கட்டணமும் கிடையாது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீடுகளில் ஸ்காலர்ஷிப் என்றால் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பரிசு என்றே நினைக்கிறோம். ஹார்வர்டு, பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணுக்காகப் பணம் தருவதே இல்லை. ஸ்டான்ஃபோர்டும் படிப்புத் திறமைக்கென்று தனியாக எதுவும் தருவதில்லை. உங்கள் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, மீதியைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத மானியமாகத் தருவதே அவற்றின் முறை. ஸ்டான்ஃபோர்டில், ஆண்டு வருமானம் 1,50,000 டாலருக்குக் கீழே இருந்து சொத்தும் அதற்கேற்ற அளவில் இருக்கும் குடும்பங்களிடம் கல்விக் கட்டணம் எதிர்பார்ப்பதில்லை. 1,00,000 டாலருக்குக் கீழே என்றால் தங்குமிடத்துக்கும் உணவுக்கும்கூட எதிர்பார்ப்பதில்லை. அங்கே அரிதானது இடம்தான். மாறி வரும் மாணவர்களை மிகக் குறைவாகவே சேர்த்துக்கொள்கிறார்கள்.

பெர்க்லியின் கதை வேறு. அது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஒன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறி வருவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி கல்லூரிகளிலிருந்து வருகிறார்கள். ஆகவே உங்கள் மகன் நடப்பது பலரும் நடந்து பழகிய பாதை. இங்கே மாநில அரசின் மானியமான கால் கிராண்ட், நடுத்தர வர்க்கத்தினருக்கான மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப், வளாகத்தின் சொந்த மானியம், தகுதி இருந்தால் மத்திய அரசின் பெல் கிராண்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் ஃபாஃப்சா என்ற ஒரே படிவம்தான் வாசல். 2024ஆம் ஆண்டு வருமானத்தை வைத்துப் பார்த்தால் கால் கிராண்ட் கிடைக்காமல் போகலாம். ஆனால் மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப்பின் வருமான வரம்பு 2,00,000 டாலருக்கும் மேலே இருக்கிறது. சம்பளம் அதிகம் என்று நீங்களே முடிவுகட்டி ஃபாஃப்சாவை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். நம் குடும்பங்கள் மிக அதிகமாகப் பணத்தை இழப்பது இந்தத் தவறால்தான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குள்ளேயே உதவித்தொகைகளைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. கட்டுரைகளை எழுதி முடித்த களைப்பில் பல மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மகனை அங்கே அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். வெளியிலிருந்து தேட வேண்டிய உதவி என்று நான் சொல்வது ஒன்றைத்தான்: கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவோருக்காகவே ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை தரும் உதவித்தொகை. ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஜனவரியில் கெடு முடியும். நாடு முழுவதிலிருந்தும் சில டஜன் பேரையே தேர்ந்தெடுப்பதால் இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம், ஆனால் கட்டாயம் விண்ணப்பியுங்கள்.

இனி அந்த 2024ஆம் ஆண்டு வருமானம். ஃபாஃப்சா எப்போதும் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக் கணக்கையே எடுத்துக்கொள்ளும். அன்று சம்பாதித்தவர் இன்று வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்பதைச் சொல்லப் படிவத்தில் இடமே இல்லை. ஆட்குறைப்பு அலை அலையாக வரும் ஊரில் இத்தகைய படிவத்தை இன்னும் வைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தீராத வருத்தம். ஆனாலும் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்கும், குடும்பத்தின் சூழ்நிலை மாறியிருந்தால் அந்த எண்களைத் தனித்தனியாக ஆராய்ந்து திருத்தும் அதிகாரம் உண்டு. இதற்கு புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட் என்று பெயர். ஃபாஃப்சாவில் 2024ஆம் ஆண்டுக் கணக்கை உள்ளபடியே நிரப்புங்கள். இன்றைய நிலையை நினைத்து அங்கே எண்ணைக் குறைத்து எழுதக் கூடாது. அதன் பிறகு, இடம் கிடைத்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக இந்த மறுபரிசீலனையைக் கேளுங்கள், ஏனென்றால் ஓர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. அலுவலரின் முடிவே இறுதியானது. கல்வித் துறையிடம் மேல்முறையீடு செய்ய முடியாது. ஆகவே முதல் முறையே ஆவணங்களை முழுமையாகக் கொடுங்கள்.

வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மை நிவாரணம் பெற்ற விவரம், இந்த ஆண்டு இதுவரை வந்த வருமானமும் இனி வரக்கூடியதும் எவ்வளவு என்ற ஒரு பக்கக் கணக்கு ஆகியவை போதும். வேலையை விட்டபோது நிறுவனம் மொத்தமாகக் கொடுத்த தொகையை மறைக்காதீர்கள், அதுவும் வருமானமே. சில அலுவலகங்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை பார்க்கும், சில அடுத்த பன்னிரண்டு மாதங்களைப் பார்க்கும். எதைப் பார்க்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுக் கணக்கை எழுதுங்கள். 2024இல் நிறுவனப் பங்குகள் கைக்கு வந்ததால் அந்த ஆண்டு வருமானம் மட்டும் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால், அது ஒருமுறை வந்த தொகை என்பதைத் தனியாக எழுதிச் சான்று இணையுங்கள். கணவருக்கு இடையில் புது வேலை கிடைத்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். மகன் இப்போது படிக்கும் கல்லூரியின் அலுவலகத்திலும் நடப்பு ஆண்டுக்காக இதைக் கேட்கலாம். மே மாதமே வேலை போயிருக்கும்போது அடுத்த ஆண்டு வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஸ்டான்ஃபோர்டு போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் ஃபாஃப்சாவோடு சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இன்னொரு படிவத்தையும் கேட்கும். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஃபாஃப்சா கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது படிவம் அதையும் விசாரிக்கும். ஃப்ரீமாண்டில் சொந்த வீடு இருந்தால், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் உள்ள செலவுக் கணிப்பானில் எண்களைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

ஆலோசகருக்கு வருகிறேன். உதவித்தொகைக்கு உத்தரவாதம் என்று எவர் சொன்னாலும் அந்த ஒரு சொல்லே போதும், எழுந்து வந்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பணத்துக்கு வெளியாள் எப்படி உத்தரவாதம் தர முடியும்? அவர் சொன்ன மற்றொரு யோசனை அதைவிட ஆபத்தானது. 24 வயது ஆகாத, திருமணமாகாத மாணவர் தனி முகவரியில் இருந்தாலும், தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாலும், ஃபாஃப்சாவில் பொதுவாகப் பெற்றோரைச் சார்ந்தவராகவே கருதப்படுவார். பொய்யான தகவலுக்கு 20,000 டாலர் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடுபவர்கள் நீங்களும் உங்கள் மகனும்.

சென்ற ஆண்டு ஒரு தந்தை என்னிடம் வந்தார். பணம் வாங்கிக்கொண்டு ஃபாஃப்சாவை நிரப்பிக்கொடுத்தவர், மாணவரின் கணக்கைத் தன்னுடைய மின்னஞ்சல் முகவரியில் தொடங்கியிருந்தார். வருமானச் சான்றுகளை அனுப்பும்படி பல்கலைக்கழகம் எழுதிய கடிதங்கள் மூன்றும் அந்த முகவரிக்கே போயிருந்தன. பையனால் தன் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை; கெடு தாண்டிய பிறகே அந்தக் குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது. கணக்கும் கடவுச்சொல்லும் உங்கள் மகனிடமும் உங்களிடமும் மட்டுமே இருக்க வேண்டும். ஃபாஃப்சா என்ற பெயரின் முதல் எழுத்தே இலவசம் என்பதைக் குறிக்கிறது. படிவங்களை இத்தனை சிக்கலாக்கி வைத்து, அந்த அச்சத்தில் இவர்கள் கடை விரிக்க இடம் கொடுத்திருப்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. உங்கள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் இதே வேலையை, அதைப் படித்துத் தேர்ந்தவர்கள் இலவசமாகச் செய்து கொடுக்கிறார்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்; நில்லுங்கள்.

பாதுகாப்புக்கு ஒரு வார்த்தை. டேக் எனப்படும் மாறுதல் உத்தரவாதத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் தருகின்றன: டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி அதில் இல்லை. கணினி அறிவியலைச் சில வளாகங்கள் விலக்கி வைத்திருப்பதால் கல்லூரி ஆலோசகரிடம் கேட்டுவிட்டு ஒரு வளாகத்தைத் தேர்ந்தெடுங்கள். இது இடத்துக்குத்தான் உறுதி, பணத்துக்கு இல்லை. அதற்கான விண்ணப்பம் இந்த செப்டம்பர் 30 அன்று முடிகிறது. ஃபாஃப்சா அக்டோபரில் திறக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நவம்பர் இறுதிக்குள் அனுப்ப வேண்டும். ஜனவரியில் மதிப்பெண்களைப் புதுப்பிக்கும் படிவம் வரும். மாநில உதவிக்கு மார்ச் 2 கடைசி நாள். கணவரின் வேலை நீக்கக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள். நிறுவனத்தின் கணக்கு முடக்கப்பட்டுவிட்டால் பழைய சீட்டுகளை எடுப்பது கடினம்.