எவர்சில்வர் குடத்துல கேமராமேன் தெரியுறாரே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் கல்யாண வீடியோ எடுக்குறவன். எங்க ஊர் பாத்திரக்கடை முதலாளி, லோக்கல் கேபிள் சேனல்ல போடறதுக்கு 20 செகண்ட் விளம்பரம் ஒண்ணு எடுத்துக் குடு தம்பின்னு சொல்லிட்டாரு. விளம்பரம்னு எதுவும் இதுவரை எடுத்ததில்ல. பித்தளை, செம்பு, எவர்சில்வர், சீர்வரிசை செட், மிக்ஸி கிரைண்டர், ஏசி ஷோரூம், ஆடித் தள்ளுபடி, பார்க்கிங், மூணு போன் நம்பர், அவங்க அப்பா போட்டோ எல்லாம் வரணுமாம். சும்மா டெஸ்ட்டுக்கு எடுத்துப் பாத்தா குடத்துலல்லாம் நானே தெரியுறேன், டியூப் லைட் வேற மினுக்குது. எங்கேருந்து ஆரம்பிக்கறது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கேமராவ கொஞ்ச நேரம் பைக்குள்ளயே வைங்க. முதல் வேலை அந்த லிஸ்ட்தான். 20 செகண்ட்ல தமிழ்ல புரியற மாதிரி பேசுனா நாப்பது வார்த்தைய தாண்டாது, அதுல கடைசி 5 செகண்ட் கடைப் பேருக்கும் இடத்துக்கும் போயிடும், ஆக உங்க கையில இருக்கறது முப்பது வார்த்தை, அதுக்குள்ள பார்க்கிங்கும் கிரைண்டரும் ஆடித் தள்ளுபடியும் திணிச்சா குரல் குடுக்கறவருக்கு மூச்சு வாங்குமே தவிர வீட்ல இருக்கறவங்க மனசுல ஒண்ணும் நிக்காது. உலகத்தோட முதல் டிவி விளம்பரம்னு சொல்றாங்களே, 1941 ஜூலை 1 நியூயார்க்ல ஒரு பேஸ்பால் மேட்சுக்கு முன்னாடி ஓடுன புலோவா வாட்ச் விளம்பரம், அது மொத்தமே 10 செகண்ட்தான். அமெரிக்கா மேப், அதுமேல ஒரு கடிகாரம், ஒரே ஒரு வரி. அவ்ளோதான்.

ஆனா முதலாளிகிட்ட போய் "இதுல எத விடலாம் அண்ணாச்சி"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, எதையும் விட மாட்டாரு. அதுக்கு பதிலா ஒரு முகூர்த்த சீசன் சாயங்காலம் கடையில சும்மா உக்காந்து வர்றவங்க என்ன கேக்கறாங்கன்னு காது குடுங்க. விலைக்கு அடுத்தபடியா பாத்திரக்கடையில காலங்காலமா கேக்கற கேள்வி ஒண்ணு உண்டு: "பேரு வெட்டித் தருவீங்களா?" என்னைக் கேட்டா உங்க விளம்பரமே அதுதான். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கற போட்டிக் கடையிலயும் பேரு வெட்டுவாங்கதான், இருந்துட்டுப் போகட்டும், டிவில யாரு முதல்ல காட்டுறாங்களோ அவங்களோடதாயிடும்.

இப்படி யோசிச்சுப் பாருங்க. ரொம்ப க்ளோசப்ல பித்தளைச் சொம்போட விளிம்பு, பேரு வெட்டுற மெஷினோட ஊசி வந்து தொடுது, டர்ர்ர்ருன்னு அந்த சத்தம், புள்ளி புள்ளியா ஒரு எழுத்து விழுது. பின்னாடி மியூசிக்கே வேணாம், அந்த சத்தம் கேட்டாலே அடுப்படியில இருக்கறவங்க திரும்பிப் பாப்பாங்க. அடுத்த ஷாட், ஒரு வீட்டுப் பரண்லேருந்து எறக்குன பழைய சொம்பு, அதுல தேஞ்சுபோன எழுத்துல பாட்டி பேரு. மறுபடி கடை, கல்யாணப் பொண்ணு விரலால புது எழுத்த தடவிப் பாக்குது. குரல்: "பாட்டி பேரு இன்னும் அழியல. உங்க பேரையும் வெட்டித் தர்றோம்." அப்புறம் கடைப் பேரு. பொண்ணு பேரு கமலா மாதிரி மூணெழுத்துல இருக்கட்டும், காமாட்சி சுந்தரின்னு வெச்சீங்கன்னா 20 செகண்டும் வெட்டுறதுலயே போயிடும்.

அப்பா போட்டோவ விட முடியாது, விடவும் வேணாம். பேரு வெட்டுறவருக்குப் பின்னாடி சுவத்துல மாலையோட மாட்டி ஃப்ரேம்குள்ள வர்ற மாதிரி வெச்சுடுங்க. அதுக்கு ஒரு வார்த்தையும் செலவில்ல, முதலாளியும் குளுந்துடுவாரு, மத்தத பேசறதுக்கு அப்புறம் ஈசியா இருக்கும்.

இப்ப குடத்துக்குள்ள தெரியுற உங்க விஷயம். எவர்சில்வர் கண்ணாடி மாதிரிதான், எதுக்க என்ன இருக்கோ அத காட்டும், அதனால எதுக்க என்ன இருக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. ரெண்டு மூணு வெள்ள வேட்டிய கயித்துல கட்டி பாத்திரத்தச் சுத்தி கூடாரம் மாதிரி தொங்க விட்டு, லைட்ட வேட்டிக்கு வெளியிலேருந்து அடிங்க, ரெண்டு வேட்டிக்கு நடுவுல ஒரு சின்ன சந்து விட்டு அது வழியா லென்ஸ மட்டும் நீட்டுங்க, கொஞ்சம் தள்ளி நின்னு ஜூம்ல எடுத்தா இன்னும் நல்லது. கறுப்புச் சட்டை போட்டுக்கோங்க. முழுக்க வெள்ளையா இருந்தா பாத்திரத்துக்கு உருவமே தெரியாம சப்பையா போயிடும், ஒரு பக்கம் கறுப்பு சார்ட் பேப்பர் ஒண்ணு வெச்சீங்கன்னா விளிம்புல கறுப்புக் கோடு விழுந்து குடம் குடமாத் தெரியும். பித்தளைய காலையிலயே புளி போட்டுத் தேச்சு, நல்லாத் தொடச்சு, அதுக்கப்புறம் துணியாலதான் தொடணும்னு கடைப் பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, விரல் ரேகை ஒண்ணு பட்டாலும் க்ளோசப்ல அசிங்கமா இருக்கும்.

டியூப் லைட் மினுக்கறதுக்கு காரணம் ஃப்ரேம் ரேட், அதாவது கேமரா செகண்டுக்கு எத்தன படம் எடுக்குதுங்கற கணக்கு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சாதா டியூப் லைட் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், நீங்க 30 ஃப்ரேம்ல, ஷட்டர் 1/60ல (ஒவ்வொரு படத்துக்கும் செகண்டுல அறுபதுல ஒரு பங்கு நேரம் வெளிச்சம் விழற மாதிரி) எடுத்தா ரெண்டும் ஒத்துப்போகாம கோடு ஓடும். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வைங்க, நம்ம டிவிக்கும் 25தான் கணக்கு. அப்படியும் கோடு தெரிஞ்சா அது சீப்பான எல்ஈடியா இருக்கும், அத அணைச்சுட்டு உங்க பேனல் லைட்ட போடுங்க. வொயிட் பேலன்ஸ (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கலர சரிபண்ற செட்டிங்) ஆட்டோவுல விட்டுடாதீங்க, பித்தளைய பாத்ததும் அது குழம்பிப்போய் ஷாட்டுக்கு ஷாட் வேற வேற மஞ்சளா காட்டும்.

கடைப் பேரும் போன் நம்பரும் எழுத்துல வர்ற கடைசி கார்டு பத்தி ஒரு வார்த்தை. கேபிள்ல போறப்ப குவாலிட்டி எறங்கும், மெல்லிசான எழுத்து மங்கிடும், நாலு ஓரத்துலயும் பத்துல ஒரு பங்கு விட்டுட்டுதான் எழுதணும், அதுவும் கீழ இன்னும் ஜாஸ்தி, ஏன்னா லோக்கல் சேனல்ல அடியில ஸ்க்ரோல் ஒண்ணு எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். போன் நம்பர் ஒண்ணே ஒண்ணு. கதவு எண் எல்லாம் யாருக்கு வேணும், மகாமகக் குளத்துலேருந்து எந்தப் பக்கம்னு சொல்லுங்க போதும். ஆடித் தள்ளுபடிய இந்த கார்டுல மட்டும் வைங்க, எழுத்தே இல்லாத காப்பி ஒண்ண தனியா எடுத்து வெச்சுக்கோங்க, அப்பதான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கார்ட மட்டும் மாத்திக் குடுத்து அதுக்கும் காசு வாங்கலாம்.

காசுன்னதும் ஞாபகம் வருது, பாதி அட்வான்ஸ் வாங்காம ஷூட்டுக்கு நாள் குறிக்காதீங்க. ஸ்கிரிப்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பி "ஓகே"ன்னு பதில் வாங்கிக்கோங்க, ரெண்டு தடவைக்கு மேல திருத்தம்னா தனி சார்ஜ்னும் அதுலயே எழுதிடுங்க. சேனல்ல ஓட்டற காசு வேற, உங்க காசு வேற, ரெண்டையும் ஒண்ணா பேசவே பேசாதீங்க.

கேள்வி: எங்க பரோட்டா கடை விளம்பரத்துல நானே நடிக்கலாம்னு இருக்கேன், வீட்ல சிரிக்கறாங்க. பின்னாடி ஒரு ஹிட் பாட்டும் போடணும்னு ஆசை.
– வாசகர், விருதுநகர்

பதில்: சிரிக்கட்டும். வசந்த் அண்ட் கோ வசந்தகுமார் தன் கடை விளம்பரத்துல அவரே வந்தாரு, லலிதா ஜுவல்லரி கிரண்குமார் கேமராவப் பாத்து நேரா பேசுனாரு, சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் ஹன்சிகா, தமன்னாகூட ஆடவே ஆடுனாரு, ஊரு கிண்டல் பண்ணுச்சு, கடை பேரையும் மறக்கல. உங்களுக்கு டான்ஸ் வேணாம், வசனம் மனப்பாடம் பண்றதும் வேணாம். தெனமும் பண்றத பண்ணுங்க, எண்ணெய் சட்டியில பரோட்டா பொரியறப்ப கேமராவுக்குப் பக்கத்துல ஒருத்தர உக்கார வெச்சு கேள்வி கேக்கச் சொல்லி அவருக்குப் பதில் சொல்லுங்க, அதுலேருந்து நல்ல வரி ஒண்ண எடிட்டர் பிடிச்சுடுவாரு. சட்டை காலர்ல மைக் இல்லாம எடுக்காதீங்க, தோசைக்கல்லுல கொத்துற சத்தத்துல உங்க குரல் காணாமப் போயிடும்.

பாட்டு வேணாம். சினிமாப் பாட்டுன்னா ஆடியோ கம்பெனிகிட்ட அனுமதி வாங்கணும், 1957ம் வருஷ காப்பிரைட் சட்டத்துல சின்ன கடைக்குன்னு தனி சலுகை கிடையாது. கேபிள்ல யாரும் கண்டுக்கலன்னாலும் அதே வீடியோவ யூடியூப்ல ஏத்துன உடனே 'பாட்டு எங்களோடது'ன்னு க்ளெயிம் வந்து நிக்கும். உங்க ஊர்லயே கீபோர்டு வாசிக்கற பையன் இருப்பான், ஒரு ட்யூன் போட்டு வாங்குங்க, இந்த விளம்பரத்துக்கு உபயோகிக்கலாம்னு ஒரு தாள்ல கையெழுத்தும் வாங்குங்க.

கேள்வி: ஸ்கூல் யூனிஃபார்ம் கடை வெச்சிருக்கோம். விளம்பரத்துக்கு பேரனையே நடிக்க வைக்கலாமா, இல்ல அதுக்கும் ஏதாவது ரூல்ஸ் இருக்கா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இருக்கும்மா. 14 வயசுக்குக் கீழன்னா குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல விளம்பரமும் சேத்திதான், கலெக்டர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல தொடர்ச்சியா வேலை வாங்கவும் கூடாது. அவ்ளோ அலையறதுக்கு மனசில்லன்னா பிள்ளைங்க முகமே இல்லாம எடுங்களேன், தையல் மெஷின், புது காலர், பட்டன் போடற கை, ஹேங்கர்ல சைஸ் வாரியா தொங்குற சட்டைங்க. போன வருஷ பேன்ட் இந்த வருஷம் கணுக்காலுக்கு மேல ஏறி நிக்கறத காட்டுங்க, ஜூன் மாசம் எல்லா வீட்லயும் நடக்கறதுதான், அத மடக்கித் தச்ச தையலப் பிரிச்சு எறக்கிவிட உங்க கடையிலயே ஆள் இருந்தா அதையும் சொல்லிடுங்க.