மோடத்தை மாத்துறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் ரொம்ப வருஷமா கேபிள் லைன் வேலை பார்க்கிறேன். கேபிள் ஒயர்ல வர்ற நெட் சரியா எடுக்கலைன்னு நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் கீழே.

காசிமேடு: அண்ணே, மோடத்துல எல்லா லைட்டும் எரியுது. ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா நெட் விழுந்துடுது. புது மோடம் வாங்கிடவா?

வேண்டாம்மா, காசை வீணாக்காதீங்க. மொதல்ல மோடம் என்ன நம்பர் காட்டுதுன்னு பாருங்க. பிரவுசர்ல 192.168.100.1ன்னு அடிச்சா பல மோடத்துல சிக்னல் பக்கம் திறக்கும். டவுன்ஸ்ட்ரீம் பவர், அதாவது மோடத்துக்கு உள்ளே வர்ற சிக்னலோட பலம், -7லேர்ந்து +7 டிபிஎம்விக்குள்ள (சிக்னல் பலத்தை அளக்கிற அளவு) இருந்தா நல்லது. எஸ்என்ஆர், அதாவது இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு தூக்கலா இருக்குங்கிற கணக்கு, 33 டெசிபலுக்கு மேல இருக்கணும். அப்ஸ்ட்ரீம் மட்டும் தலைகீழ் கணக்கு. அது நம்ம மோடம் வெளியே அனுப்புற பவர். 35லேர்ந்து 49 வரைக்கும் சரி. 50ஐத் தாண்டிப் போனா, மோடம் தொண்டை கிழியக் கத்துதுன்னு அர்த்தம். வழியில எங்கேயோ சிக்னல் தேயுது, அதனாலதான் கத்துது. புது மோடம் போட்டாலும் அதுவும் கத்தத்தான் செய்யும்.

உங்க ஏரியாவுல நான் மொதல்ல கை வைக்கிறது கனெக்டர்லதான். கடல் காத்துல இருக்கிற உப்பு உள்ளே இறங்கிடும். வீட்டுக்கு வர்ற ஆர்ஜி-6ங்கிற கேபிள் ஒயர்ல நடுக்கம்பி பெரும்பாலும் முழுச் செம்பு கிடையாது, இரும்பு மேல செம்புப் பூச்சு. பூச்சு போச்சுன்னா துருதான். கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. கம்பி பச்சையாவோ கறுப்பாவோ இருந்தா, சுத்தமான இடம் வர்ற வரைக்கும் ஒயரை வெட்டிட்டு, கருவி வச்சு அழுத்தி மாட்டுற கம்ப்ரஷன் கனெக்டர் புதுசா போடச் சொல்லுங்க. கையால முறுக்கி மாட்டுற கனெக்டர் இங்கே நிக்காது. கேபிள்காரர் "பரவால்லக்கா, ஓடும்"னு சொன்னாலும் விடாதீங்க.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு: ஒரே ஒயரைப் பிரிச்சு மூணு டிவி, ஒரு மோடம் ஓட்டுறோம். சிக்னல் பத்தலைன்னு பூஸ்டர் போட்டோம். அப்புறம் நெட் சுத்தமா வரலை.

பூஸ்டரை உடனே கழட்டுங்க. டிவிக்குன்னு விக்கிற சாதாரண பூஸ்டர் ஒருவழிப் பாதை. உள்ளே வர்றதைத் தூக்கிவிடும், மோடம் திருப்பி அனுப்புறதை அடைச்சிடும். திரும்பப் பேச முடியாத மோடம் எப்படி ஓடும்?

அடுத்தது ஸ்ப்ளிட்டர், ஒரு ஒயரைப் பலதாப் பிரிக்கிற சின்ன டப்பா. ரெண்டா பிரிக்கிறது சுமார் 3.5 டெசிபல் தின்னும், பாதிக்கு மேல பவர் அங்கேயே போயிடும். நாலா பிரிச்சா சுமார் 7. அதனால வீட்டுக்குள்ள ஒயர் நுழைஞ்ச உடனே ரெண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒண்ணு போட்டு, ஒரு கால் நேரா மோடத்துக்குப் போகட்டும். இன்னொரு காலை டிவிகளுக்குப் பிரிச்சுக்கோங்க. ஸ்ப்ளிட்டர் மேல 5-1000 மெகாஹெர்ட்ஸ்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. மோடம் அனுப்புறது கீழே 5 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து தொடங்கும். பழைய டிவி ஸ்ப்ளிட்டர் சிலது 40க்குக் கீழே விடாது.

ஸ்ப்ளிட்டர்ல காலியா இருக்கிற முனையில 75 ஓம் டெர்மினேட்டர்ங்கிற மூடியை மாட்டுங்க. தொறந்து கிடக்கிற முனை வழியா இரைச்சல் உள்ளே புகுந்து லைன்ல ஏறும். அதே லைன்ல இருக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க நெட்டும் சேர்ந்து கெடும். ஒரே பிளாக்குல இத்தனை குடும்பம் இருக்கும்போது இதைச் செய்யாம விடுறது நியாயமே இல்ல.

பெரம்பூர்: பகல்ல பறக்குது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல நகரவே மாட்டேங்குது.

மோடத்துல லேன் ஒயர் சொருகி மத்தியானம் ஒருக்கா, ராத்திரி ஒருக்கா ஸ்பீடு பாருங்க. சிக்னல் நம்பரையும் ரெண்டு தடவை எழுதி வைங்க. நம்பர் மாறலை, ஸ்பீடு மட்டும் விழுதுன்னா உங்க வீட்டுல பழுது இல்ல தம்பி. ஒரே நோடுல, அதாவது பல வீட்டு லைனும் வந்து சேர்ற கம்பெனிப் பெட்டியில, ஆள் நெரிசல். அதைக் கம்பெனிக்காரங்கதான் பிரிச்சுக் கொடுக்கணும். எழுதி வச்ச கணக்கைக் காட்டிக் கேளுங்க. பெரிய பிளானுக்கு மாறாதீங்க.

திருவொற்றியூர்: மழை பேஞ்சா ரெண்டு நாளைக்கு நெட் கிடையாது.

மொட்டை மாடி ஜாயின்ட்ல தண்ணி இறங்குது ஐயா. கறுப்பு இன்சுலேஷன் டேப் தண்ணியை நிறுத்தாது. அந்த ஜாயின்ட்டையே எடுத்துட்டு ஒரே ஒயரா இழுக்கச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல ஒயரைக் கீழே தொங்கலா வளைச்சு விட்டா, தண்ணி அங்கேயே சொட்டிடும். ஈபி ஒயர் பக்கத்துல போகுதுன்னா நீங்க மாடியில கை வைக்காதீங்க.

கொருக்குப்பேட்டை: மோடம் பக்கத்துல நல்லா இருக்கு, உள் ரூம்ல இல்ல.

அது வைஃபை பிரச்சினை. ரௌட்டரை இரும்பு பீரோ பக்கத்துலேர்ந்து எடுத்து, நடு ரூம்ல உயரமா வைங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல சேனல் 1, 6, 11, இந்த மூணுல கூட்டம் குறைஞ்சதைப் போடுங்க.

எம்.கே.பி. நகர்: எங்களுக்கு ஃபைபர் மாத்திட்டாங்க. பாக்ஸ்ல சிவப்பு லைட் எரியுது.

மேலே சொன்ன டிபிஎம்வி கணக்கு உங்களுக்குக் கிடையாது. ஃபைபர்ல ஒளி வரணும். பாக்ஸ்ல -8லேர்ந்து -27 டிபிஎம் (ஒளியோட பலத்தை அளக்கிற அளவு) வரைக்கும் காட்டலாம். சிவப்பு லைட்னா ஒளி வந்து சேரலை. ஒயர் கதவு இடுக்குல நசுங்கியிருக்கா, ஆணியில மடங்கியிருக்கான்னு பாருங்க. நிமித்திவிட்டும் போகலைன்னா ஆளைக் கூப்பிடுங்க. கழட்டின நுனியைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பார்க்கவே கூடாது. அதுல வர்ற ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணைக் கெடுக்கும். குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.