கால்நடை மருத்துவர் பதில்கள்: சல்ஃபா மாத்திரையும் டாபர்மேனும்

கேள்வி: எங்கள் டாபர்மேனுக்கு மூன்று வயது, 30 கிலோ. அடிவயிற்றில் சீழ்க்கொப்புளம் வந்ததால் சல்ஃபா-டிரைமெத்தோபிரிம் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மாத்திரை கொடுத்து வந்தோம். கொப்புளம் ஆறிவிட்டது. 11ஆம் நாள் காய்ச்சல், நொண்டல். உதட்டோரமும் கண்ணோரமும் தோல் உரிகிறது. மருந்து போதவில்லையா? அளவைக் கூட்டலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: கூட்டவே கூடாது. அடுத்த வேளை மாத்திரையையும் கொடுக்காமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளம் ஆறிய பிறகு காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்து வருகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மருந்து ஒவ்வாமையைத்தான். சல்ஃபா ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து தொடங்கி 5 நாளிலிருந்து 5 வாரத்துக்குள் தலைகாட்டும். டாபர்மேன்களிடம் இது அதிகம். சல்ஃபாடயசின் என்ற சல்ஃபா மருந்தால் ஆறு டாபர்மேன்களுக்கு வந்த ஒவ்வாமை 1985லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

மனித உடல் சல்ஃபாவின் மேல் ‘அசெட்டைல்’ என்ற சிறு வேதித்துணுக்கை ஏற்றி முடக்கிவிடும். அந்த வேலையைச் செய்யும் நொதிகளுக்கான என்.ஏ.டி. மரபணுக்கள் நாய் இனத்துக்கே கிடையாது. அதனால் மருந்தின் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ராக்சிலமைனாகவும், பிறகு நைட்ரோசோ என்ற வேகமாக வினைபுரியும் பொருளாகவும் மாறுகிறது. நைட்ரோசோ புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதத்தை அந்நியப் பொருள் என்று நினைத்து நோயெதிர்ப்பு செல்கள் தாக்கும். கல்லீரலில் மட்டும்தான் இது நடக்கும் என்றில்லை. மனிதத் தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டினோசைட் செல்களே சல்ஃபாவை இப்படி மாற்றும் என்பது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. எல்லா நாய்க்கும் என்.ஏ.டி. இல்லாதபோது சில நாய்களுக்கு மட்டும் ஒவ்வாமை வருவதால், வேறு காரணங்களும் கூடவே இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்டுச் செய்யவேண்டியவை: தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கையோடு முழு ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. ரத்தச் சோதனை, சிறுநீரில் புரதம். கண்ணீர்ச் சோதனையை விட்டுவிடாதீர்கள். கீழ் இமைக்குள் காகிதப் பட்டையை ஒரு நிமிடம் வைத்தால் 15 மி.மீ.க்கு மேல் நனைய வேண்டும்; 10க்குக் கீழே என்றால் கண் வறண்டிருக்கிறது. சல்ஃபாவால் வரும் வறட்சி சில நாய்களுக்கு நிரந்தரமாகிவிடும். தோல் உரிவது பரவினால் பயாப்ஸி (தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) தேவை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். அதுவரை குளிப்பாட்டாதீர்கள், பொருக்கைத் தேய்த்து எடுக்காதீர்கள்: நோயைக் காட்டிக்கொடுக்கும் மேல்தோல் அதோடு போய்விடும். புண்ணின் நடுவில் மேல்தோலே இருக்காது என்பதால், உரியத் தொடங்கும் ஓரத்தில்தான் சதை எடுப்பார்கள். காய்ச்சலுக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள். முன்னது கல்லீரலையும், பின்னது குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

குணமான பிறகும் ‘இது சல்ஃபாதானா’ என்று சோதிக்க மறுபடி ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கக் கூடாது. நாயின் மருத்துவ அட்டையில் சிவப்பு மையில் ‘சல்ஃபா கூடாது’ என எழுதி வையுங்கள். குடல் அழற்சிக்குத் தரும் சல்ஃபசலசினும் உடலில் சல்ஃபாவாகப் பிரிவதால் அதையும் தவிர்க்க வேண்டும். சிறுநீர் பிரிக்கும் மருந்தான ஃபுரோசமைடிலும் சல்ஃபா கூறு உண்டு, ஆனால் அதன் அமைப்பு வேறு. பொதுவாக அதை ஒதுக்கத் தேவையில்லை.

கேள்வி: செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் நாய் வாந்தி எடுத்தது. இதுவும் ஒவ்வாமையா?
- வாசகி, மதுரை

பதில்: வாந்தி மட்டும் என்றால் பெரும்பாலும் வயிற்று எரிச்சல்தான். சாப்பாட்டோடு கலந்து கொடுங்கள். முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ அது உடனடி ஒவ்வாமை. நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.