பீங்கான் பல் கேப்புக்கு எந்த ஒட்டுமருந்து நன்றாகப் பிடிக்கும்?

கேள்வி கேட்டவருக்கு ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்த கேப் ஒரே வருடத்தில் இரண்டு தடவை கழன்றிருக்கிறது. அடுத்த தடவை நல்ல கம்பெனி சிமெண்ட்டாகப் போடச் சொல்லிக் கேட்கலாமா, இல்லை இ-மேக்ஸ் என்ற வேறு வகைப் பீங்கானுக்கு மாறிவிடலாமா, அதுவரைக்கும் ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக்கொள்ளலாமா என்று மூன்று கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற நேரத்தில் யாராவது ட்யூபைக் கையில் வைத்திருப்பீர்கள். வேண்டாங்க. அது ஈரம் பட்டதும் இறுகும் பசை, வாய்க்குள் ஈரத்துக்கா பஞ்சம், கேப் முழுசாக உட்காருவதற்குள் இறுகிவிடும். அப்புறம் அந்தப் பல் மட்டும் உயரமாக இடிக்கும், ஓரத்தில் சந்து விழும், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நல்ல கேப்பும் வீணாகும். கழன்ற கேப்பைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். டிஷ்யூ பேப்பரில் சுருட்டி வைத்தவர்கள் பாதிப் பேர் அதைக் குப்பையோடு போட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

நான் ஈரோடு பக்கம் பதினைந்து வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். கழன்ற கேப்போடு யார் வந்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பதில்லை, கேப்பைக் கவிழ்த்து வெளிச்சத்தில் அதன் உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். சிமெண்ட் முழுக்கக் கேப்புக்குள்ளேயே அப்பியிருந்தால் அது பீங்கானை நன்றாகப் பிடித்திருக்கிறது, பல்லைத்தான் விட்டிருக்கிறது. உள்ளே சுத்தமாகப் பளபளவென்று இருந்து, சிமெண்ட் எல்லாம் பல்லின்மேல் நின்றால் பல்லில் பிரச்சினை இல்லை, பீங்கான் பக்கம்தான் ஒட்டவே இல்லை. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. உங்கள் டாக்டர் இதைப் பார்த்தாரா என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

என் சொந்தத் தப்பையே சொல்கிறேன். கவுந்தப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர், வீட்டில் கரும்பாலை ஓடுகிறது, வெல்லப்பாகு ருசி பார்க்காமல் ஒரு நாள் போகாது. கீழ்வரிசையில் பின்னாலிருக்கும் கடவாய்ப்பல்லுக்கு ஜிர்கோனியா கேப். தேய்ந்த பல், செதுக்கிய பிறகு மூன்று மில்லிமீட்டர்கூட உயரம் நிற்கவில்லை. நான் வழக்கம்போல கிளாஸ் அயனோமர் என்ற சாதாரண சிமெண்ட்டில் ஒட்டி அனுப்பினேன். எட்டு மாதம் தாங்கியது. சரி, இதற்கு ரெசின் (பிளாஸ்டிக் போல இறுகும் பிசின்) சிமெண்ட்தான் என்று முடிவு செய்து, அதில் விலை கூடிய ஒன்றை வாங்கி இரண்டாம் தடவை ஒட்டினேன். வாயில் வைத்துப் பொருத்தம் பார்த்ததில் எச்சில் பட்டிருந்தது, அதைச் சுத்தம் செய்வதாக நினைத்து, பல்லுக்குப் போடும் பாஸ்பாரிக் அமிலத்தைக் கேப்புக்குள்ளும் தடவிக் கழுவினேன். மூன்றே மாதத்தில், "ஏங்கண்ணு, நீ வெச்ச கேப்பு மறுபடியும் கைக்கே வந்துருச்சு, கொஞ்சம் நல்ல பசையா வெக்கக் கூடாதா?" என்று அந்த அம்மா வந்து நின்றார். கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி மாதிரி மின்னுகிறது.

மூன்றாம் தடவையும் அதே டப்பா, அதே சிமெண்ட்தான். மாற்றியது ஒட்டுவதற்கு முந்தின ஐந்து நிமிட வேலையை மட்டும். பொருத்தம் பார்த்து முடித்த பிறகு கேப் செய்து தருகிற லேப்பிலிருந்து வாங்கி வைத்திருந்த சின்ன சாண்ட்பிளாஸ்டரில் 50 மைக்ரான் அலுமினாத் தூளை மெதுவான அழுத்தத்தில் உள்ளே அடித்து, மினுமினுப்பு போய் மங்கலானதும் கழுவிக் காயவைத்து, எம்டிபி (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) இருக்கிற பிரைமர், அதாவது சிமெண்ட்டுக்கு முன்னால் பூசும் திரவம், ஒரு பூச்சு பூசி, அப்புறம் சிமெண்ட். நான்கு வருடம் ஆகிறது. போன பொங்கலுக்குக் கரும்பைக் கடித்துக்கொண்டேதான் வழியில் பார்த்துச் சிரித்தார்.

ஏன் இப்படி என்று புரிய திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை செய்யும் என் மச்சான் சொல்வதுதான் எனக்கு வசதி. பருத்தி நூலில் பிடிக்கிற ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டர் நூலில் பிடிக்காது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அலசியதும் ஓடிவிடும். அந்த நூலுக்கு வேறு சாயம், வேறு சூடு. பீங்கானிலும் அதே கதை. நோயாளிகள் "செராமிக்" என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு சாதி இருக்கிறது: கண்ணாடி கலந்தது ஒன்று, கண்ணாடியே இல்லாதது இன்னொன்று. (பில்லில் செராமிக் என்று போட்டு, உள்ளே உலோகம் வைத்து மேலே பீங்கான் பூசிய கேப்பும் உண்டு. அதில் சிமெண்ட் தொடுவது உலோகத்தைத்தான், அது தனிக் கணக்கு.)

முதல் சாதியில் பழைய ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் வெனீரும் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு), இ-மேக்ஸ் என்று நீங்கள் கேட்ட லித்தியம் டைசிலிகேட்டும் வரும். இவற்றின் உள்பக்கத்தில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலக் களிம்பு வைத்தால் கண்ணாடிப் பகுதி மட்டும் கரைந்து, படிகங்கள் முள் முள்ளாக நிற்கும். இ-மேக்ஸுக்கு 5 சதவீத அமிலம், 20 விநாடி போதும். ஃபெல்ட்ஸ்பார் வகைக்கு ஒரு நிமிடமோ அதற்கு மேலோ. கழுவிக் காற்றடித்தால் பளபளப்பாக இருந்தது சுண்ணாம்பு பூசியது போல வெளுக்கும், அந்த வெள்ளையைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. நேரம் கூடினாலும் நல்லதல்ல, மேற்பரப்பு நொய்ந்துபோகும். பீங்கான் வெனீரை இப்படி அமிலத்தில் அரித்து ஒட்டும் வழக்கம் 1983 வாக்கில் அமெரிக்காவில் சைமன்சன், கலாமியா ஆகியோர் காட்டியதிலிருந்து வந்தது. அந்த அமிலம் தோலில் பட்டால் உள்ளே இறங்கிக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் அந்த ட்யூபைத் திறக்கக் கூடாது.

அடுத்தது சைலேன். தண்ணீர் மாதிரி இருக்கும் ஒரு திரவம், ஒரு முனை பீங்கானிலிருக்கும் சிலிக்காவோடு சேரும், மறுமுனை ரெசினோடு சேரும். ஒரு நிமிடம் விட்டு, இளஞ்சூடான காற்றில் காயவைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். இதில் எங்கள் ஊர்ப் பிரச்சினை வெயில். ஏப்ரல், மே மாதத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிற கிளினிக்கில் ஒற்றை பாட்டில் சைலேன் சீக்கிரம் கெட்டுவிடும். நல்லது தெளிவாக இருக்கும், கலங்கலாக இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்லாம் ஒன்றுக்குள் அடக்கம் என்று வருகிற யுனிவர்சல் பாண்டிங் பாட்டில்களிலும் சைலேன் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கும். ஆனால் அமிலத்தன்மையான திரவத்துக்குள் சைலேன் நிலைத்து நிற்பது கஷ்டம், அதனால் இ-மேக்ஸுக்கு நான் இன்றைக்கும் தனி பாட்டில்தான்.

மெல்லிய வெனீர் அரை மில்லிமீட்டர் இருக்கும், ஒட்டும் முன்னால் விரலில் கொஞ்சம் அழுத்தினாலும் உடையும். எனாமல்மேல் சரியாக ஒட்டியபின் அதே சாமான் வருடக்கணக்கில் கடிக்கிறது. பலவீனமான பீங்கானுக்கு ஒட்டுதான் பலம். வெனீரைச் சாதாரண சிமெண்ட்டில் ஒட்டுவது அதைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

ஜிர்கோனியா நேர் எதிர். வழக்கமான வகையின் வளைவுத் தாங்குதிறன் இ-மேக்ஸைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல், எளிதில் உடையாது. ஆனால் கண்ணாடி இல்லாததால் கிளினிக் அமிலத்துக்கு அசையாது, வெறும் சைலேனுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. இதற்கு வழி காட்டியது ஜப்பானின் குராரே நிறுவனம் 1981ல் உருவாக்கிய எம்டிபி என்ற மூலக்கூறு. அதன் ஒரு முனையில் பாஸ்பேட் இருக்கிறது, அது ஜிர்கோனியத்தின் ஆக்சைடோடு நேரடியாகப் பிணையும். எச்சிலிலும் பாஸ்பேட் உண்டு, பாஸ்பாரிக் அமிலத்திலும் பாஸ்பேட்தான். அதாவது நான் சுத்தம் செய்கிறேன் என்று எம்டிபி உட்கார வேண்டிய நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்திருக்கிறேன். இப்போது இதற்கென்றே காரத்தன்மையுள்ள கிளீனர் வருகிறது, இல்லையென்றால் பொருத்தம் பார்த்தபின் சாண்ட்பிளாஸ்ட். இ-மேக்ஸுக்கு மட்டும் அந்தத் தூளை அடிக்கக் கூடாது, அது கீறிப் பலவீனமாகும். அதற்கு இதே வேலையைச் செய்து தருகிற சில லேப்புகளோடு எனக்குத் தீராத சண்டை.

எந்தப் பசை எவ்வளவு பிடிக்கும் என்று எண்ணாகக் கேட்டால், மெகாபாஸ்கல் கணக்கில் சொல்வார்கள். ஒரு மெகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ. ஒன்றும் செய்யாத ஜிர்கோனியாமேல் கிளாஸ் அயனோமர் ஒற்றை இலக்கத்தில் நிற்கும். தூளடித்து எம்டிபி போட்ட ரெசின் 20க்கு அக்கம்பக்கமாக, சில சமயம் மேலேயும் போகும். ஆனால் முதல் நாள் எண்ணை வைத்து விற்பவர்களை நம்பாதீர்கள். ஒட்டிய துண்டுகளை 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்குவார்கள், ஐஸ்கிரீமும் பேக்கரி டீயும் மாதிரி. 10,000 முறை முக்கினால் சுமார் ஒரு வருட வாய் வாழ்க்கை என்று ஒரு கணக்கு. 1998ல் ஜெர்மனியின் மத்தியாஸ் கெர்னும் உடன் ஆய்வாளரும் 150 நாள் தண்ணீரில் வைத்து, நடுநடுவே இப்படி முக்கியும் பார்த்தார்கள். முதலில் ஒட்டியிருந்த சாதாரண ரெசின் தானாகவே கழன்றது, எம்டிபி உள்ள ரெசின் நின்றது. அந்தக் கவுந்தப்பாடி அம்மாவுக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா ஜிர்கோனியா கேப்புக்கும் ரெசின் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். செதுக்கிய பல் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக, பக்கங்கள் அதிகம் சாயாமல் நின்றால் கேப் தன் வடிவத்தாலேயே பிடித்துக்கொள்ளும், கிளாஸ் அயனோமர் தாராளமாகப் போதும், விலையும் குறைவு. ஈறு ஓரத்தில் ரத்தமும் ஈரமும் நிற்கிற இடத்தில் ரெசின் வைத்துக் கெடுப்பதற்கு அதுவே மேல்.

பல் பக்கம் விட்டிருந்தால் கதை வேறு. சேலம், தருமபுரிப் பக்கம் ஃப்ளோரைடு கூடிய தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் எனாமல் அமிலத்துக்குச் சீக்கிரம் இளகாது, வெனீர் கேட்டு வருகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். மேல்படலத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று கிராம்புத் தைலம். கேப் ஒட்ட வருகிற அன்று வலிக்கிறதே என்று பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அதிலிருக்கும் யூஜினால் ரெசினைச் சரியாக இறுகவிடாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கழன்றது குட்டையான கடவாய்ப்பல்லின் கேப் என்றால் இ-மேக்ஸுக்கு மாற நான் சொல்ல மாட்டேன், இருக்கிற கேப் நன்றாகப் பொருந்தினால் அதையே ஒட்டலாம். டாக்டரிடம் கம்பெனிப் பெயர் கேட்காமல், பொருத்தம் பார்த்த பிறகு உள்ளே தூளடிப்பீர்களா, எம்டிபி பிரைமர் போடுவீர்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. அப்புறம், கேப்புக்குள்ளே ஒட்டியிருக்கிற பழைய சிமெண்ட்டை ஊசி வைத்துச் சுரண்டாமல் அப்படியே கொண்டுபோங்கள், எந்தப் பக்கம் விட்டது என்று பார்க்க அது வேண்டும்.