ராப் பாடகர் சொந்தமாக லேபிள் தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. மதுரையில் இருந்துகொண்டு மூன்று ஆண்டுகளாகத் தமிழில் ராப் பாடல்கள் எழுதிப் பாடி வெளியிட்டு வருகிறேன். இசை நிறுவனம் ஒன்று ஐந்து பாடல்களுக்கு 3 லட்சம் ரூபாய் முன்பணமும் வருவாயில் 20 சதவீதமும் தருவதாகச் சொல்கிறது; மாஸ்டர் உரிமை, அதாவது பாடலின் மூல ஒலிப்பதிவுக்கான உரிமை, நிரந்தரமாக அவர்களுக்கே. நண்பர்களோ சொந்தமாக லேபிள் (பாடல்களை வெளியிடும் நிறுவனம்) தொடங்கு என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: முதலில் அந்த 3 லட்சத்தைக் கணக்குப் பார்ப்போம். முன்பணத்தை உங்கள் 20 சதவீதப் பங்கிலிருந்து கழித்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கலாம். அப்படி இருந்தால், ஐந்து பாடல்களும் சேர்ந்து 15 லட்சம் ரூபாய் ஈட்டிய பிறகுதான் உங்கள் கைக்கு அடுத்த ரூபாய் வரும். அதற்குள் மீதி 12 லட்சம் அவர்கள் பக்கம் போயிருக்கும். வீடியோ எடுத்த செலவையும் உங்கள் பற்றில் எழுதினால் அந்த நாள் இன்னும் தள்ளிப்போகும்.

அதற்காக நாளைக்கே லேபிள் தொடங்குங்கள் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. இந்தத் துறையில் நீண்ட காலம் நிலைத்திருப்பவர்களில் ஒருவரான டெக் நைனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த இவருடைய இயற்பெயர் ஏரன் யேட்ஸ். பிற நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் சில காலம் கழித்த பிறகு, 1999-இல் அவர் ஸ்ட்ரேஞ்ச் மியூசிக் என்ற லேபிளைத் தொடங்கினார். அதில் அவருக்குக் கூட்டாளியாக வந்த டிராவிஸ் ஓ'குயின் இசைக்காரர் அல்லர். அறைகலன் வியாபாரத்தில் இருந்தவர். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: பாட்டு எழுதுகிறவர் ஒருவர், கணக்குப் பார்க்கிறவர் வேறொருவர். வானொலியை நம்பாமல் ஊர் ஊராகப் போய்ப் பாடி, அரங்க வாசலிலேயே சட்டையும் குறுந்தகடும் விற்று, அந்தப் பணத்தில் அடுத்த ஆல்பத்தைச் செய்தார்கள். 2012-இல் ஒரே சுற்றுப்பயணத்தில் 99 நாட்களில் 90 நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். விநியோகத்தை மட்டும் வெளி நிறுவனங்களிடம் விட்டார்கள்.

லாஸ் ஏஞ்சலஸின் ராப் பாடகர் நிப்சி ஹசில் வேறு வழியில் போனார். 2013-இல் தம்முடைய ‘கிரென்ஷா’ தொகுப்பை இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதன் 1,000 குறுந்தகடுகளுக்கு மட்டும் தலா 100 டாலர் விலை வைத்தார். ஒரு பெரிய நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 2018-இல் ஆல்பம் வெளியிட்டபோதும் தம்முடைய லேபிளின் பெயரை அவர் விட்டுவிடவில்லை.

இனி உங்கள் விஷயம். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957 உங்களை இரண்டு ஆட்களாகப் பார்க்கிறது. வரிகளை எழுதிய ஆசிரியர் ஒருவர். முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்து ஒலிப்பதிவைச் செய்த தயாரிப்பாளர் மற்றொருவர். மாஸ்டர் என்று நாம் சொல்வது இந்த இரண்டாமவருடைய சொத்து. அதன் ஆயுள் வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 2012 திருத்தத்தின்படி, திரைப்படம் சாராத பாடலில் உங்கள் வரிகளைப் பயன்படுத்துவதற்கான ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையை நீங்களே விரும்பினாலும் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது. இதை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பாடலாசிரியராகச் சேருங்கள். லேபிள் தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் இது முதல் வேலை. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளும். ‘நிரந்தரம்’ என்ற சொல்லை அவர்கள் மெனக்கெட்டு எழுதியிருப்பது இதனால்தான்.

பீட்டைப் பற்றி, அதாவது உங்கள் வரிகளுக்குப் பின்னால் ஒலிக்கும் இசையைப் பற்றி, நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. என்னிடம் வரும் இளைஞர்களில் பலர் இடறுவது அங்கேதான். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பீட் பெரும்பாலும் வாடகைக்குத்தான்; அதே பீட்டை இன்னும் ஐம்பது பேர் வாங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட பாடலை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (உங்கள் பாடலைப் பிறர் பயன்படுத்தினால் கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு) சேர்க்க முடியாது, ஏனென்றால் தனியுரிமை இருந்தால்தான் அங்கே இடம் உண்டு. பீட் வாங்கியபோது கிடைத்த உரிமப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். எத்தனை முறை ஒலிக்கும்வரை செல்லும், எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். பீட் செய்தவர் உங்கள் தெரு நண்பராகவே இருந்தாலும், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நட்புக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

என் யோசனை இது. மாஸ்டரை விற்காமல், ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் உரிமம் தருவதாக அந்த நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். முன்பணம் குறைந்தாலும் பரவாயில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், அடுத்த இரண்டு பாடல்களை, இணைய இசைத் தளங்களில் பாடல்களைச் சேர்த்துத் தரும் ஒரு விநியோகஸ்தர் வழியாக நீங்களே வெளியிடுங்கள். அதற்கு நிறுவனப் பதிவுகூட உடனே தேவையில்லை, உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு போதும். ஓராண்டு வரவு செலவை அதில் பார்த்த பிறகு, வேறு பாடகர்களையும் சேர்த்து அவர்களுக்குக் கணக்குக் கொடுக்கத் தெம்பும், கணக்குப் பார்க்க ஓர் ஆளும் இருந்தால், அப்போது லேபிளுக்குப் பெயர் வைக்கலாம்.