இளைக்கும்வரை ஸ்வெட்டர் இல்லாமல் இருப்பதா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு நன்றாகப் பெருத்துவிட்டது. மார்புச் சுற்றளவு இப்போது 46 அங்குலம். இங்குள்ள கடைகளில் என் அளவுக்குச் சுடிதாரும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. லீவு போட்டுவிட்டுத் தங்கையோடு கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "உங்களுக்கு இங்கே எதுவும் இருக்காது அக்கா" என்று விற்பனைப் பெண் சொல்லிவிட்டார். ஸ்வெட்டருக்கு ஆண்கள் பிரிவைக் கை காட்டினார். தங்கைக்கு எடுத்ததெல்லாம் பொருந்தியது. திரும்பும் வழி முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. ஆன்லைனில் வாங்கிய குர்தியும் கையில் பிடிக்கிறது. எங்கள் ஊருக்கு வந்து திரும்ப எடுக்கும் வசதி கிடையாதாம். "முதலில் இளைத்துக்கொள், பிறகு வாங்கலாம், ஏன் வீண் செலவு" என்கிறார் அம்மா. தை மாதம் சித்தி மகள் கல்யாணம். இளைக்கும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

வேண்டாம். ஒரு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். ஐப்பசி மழை உங்கள் பக்கம் தொடங்கிவிட்டால் கார்த்திகை முடியும்வரை ஈரம் காயாது. அதன் பின்னாலேயே மார்கழிப் பனி வந்துவிடும். அந்தக் குளிரில் காலையில் பஸ்ஸுக்கு நிற்கப் போவது இப்போது இருக்கும் உங்கள் உடம்பு. இனி வரப்போகிற மெலிந்த உடம்புக்கு ஸ்வெட்டரை எடுத்துவைத்துவிட்டு, இருக்கிற உடம்பை நடுங்க விடுவது நியாயமே அல்ல. உங்கள் அம்மா அன்பினால்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவர் சொல்வது தவறு. "அம்மா, இளைத்தால் இதைப் பிடித்துத் தைத்துக்கொள்கிறேன். இப்போது எனக்குக் குளிர்கிறது" என்று நேராகச் சொல்லுங்கள். அதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

உடம்பு திடீரென்று பெருத்திருந்தால் அரசு மருத்துவமனையில் தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு மாறுவது பல பெண்களுக்கு நேர்வதுதான். அது மருத்துவரிடம் பேச வேண்டிய காரியம். அதன் முடிவு வரும்வரை நல்ல துணி இல்லாமல் இருக்க வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

இனி கடைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது ஒரு சின்ன விஷயம்: பொருந்தவில்லை என்ற குற்றத்தை நீங்கள் முழுதாக உங்கள் மேலேயே போட்டுக்கொண்டுவிட்டீர்கள். அந்தக் குர்தி எப்படி வெட்டப்படுகிறது என்று பாருங்கள். நடுத்தர அளவில் ஒரு மாதிரியை வரைந்து, அதையே விகிதப்படி பெரிதாக்கித்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பெரிய அளவுகளை வெட்டுகின்றன. மார்பு அகலமானால் தோளும் கழுத்தும் சேர்ந்து அகலமாகின்றன. நம் உடம்பு அப்படிப் பெருப்பதில்லை. தோள் எலும்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. மேல்கையிலும் வயிற்றிலும் இடுப்பிலும்தான் சதை கூடுகிறது. அதனால்தான் ஒரே குர்தி தோளில் வழிந்து, கையில் பிடிக்கிறது. வெட்டியவர் உங்களைப் போன்ற ஒருவரை நிறுத்தி அளந்து பார்க்கவில்லை.

கடைக்குள் அந்த அளவு ஏன் இல்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. மொத்த வியாபாரத்தில் குர்தி பெரும்பாலும் செட்டாக வருகிறது: எல்லா அளவும் கலந்த ஒரு கட்டு. அதில் மிகப் பெரிய அளவு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். முதலில் வந்த பெண் அதை வாங்கிப் போய்விடுவார். பின்னால் வருகிற அத்தனை பேரும் வெறுங்கையோடு திரும்புவார்கள். திரும்பிப் போனவர்களின் கணக்கு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. கேட்பாரே இல்லை என்று கடைக்காரர் உண்மையாகவே நம்பிவிடுகிறார்! ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். கோத்தகிரியிலோ குன்னூரிலோ உங்களுக்கு முகம் தெரிந்த கடைக்காரரிடம் உங்கள் அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, அடுத்த கொள்முதலில் இதில் இரண்டு வரவழைத்துத் தாருங்கள், கட்டாயம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். நகரத்து மாடிக் கடைகளில் இது நடக்காது. மலையில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் இங்கே நடக்கும்.

லேபிளில் உள்ள எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் எழுத்துகளுக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவை இயற்கை வகுத்த அளவுகள் அல்ல. அமெரிக்க வேளாண் துறை 1939-40இல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. அந்த ஆய்வு 1941இல் வெளியானது. அதை வைத்து 1958இல் ஓர் அளவுத் தரம் வகுத்தார்கள். நடைமுறையில் ஒத்துவராமல் 1983இல் அதையும் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 12 என்று போடும் அளவு பிரிட்டனில் ஏறக்குறைய 16. நம் நாட்டு உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை வேண்டும் என்று தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் திட்டத்தை எடுத்துக்கொண்டதே அண்மைக் காலத்தில்தான். இப்படிப்பட்ட எழுத்துக்காக நீங்கள் பஸ்ஸில் பேசாமல் வந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுத்தை விட்டு அங்குலத்தைப் பிடியுங்கள். கைப்பையில் ஓர் இன்ச் டேப் எப்போதும் இருக்கட்டும். மார்பு, வயிறு, இடுப்பு, மேல்கைச் சுற்று ஆகிய நான்கையும், சரியான உள்ளாடை அணிந்த நிலையில், வேறொருவரை எடுக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். தளர்ந்த உள்ளாடையோடு எடுத்த அளவு எல்லாத் துணியையும் கெடுத்துவிடும். கடையில் துணியைப் பலகையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து பாருங்கள். உங்களுக்குக் குர்தி என்றால் அங்கே 25 அங்குலம் வேண்டும். இரு பக்கமும் சேர்ந்து 50. உடம்பு அளவுக்கு மேல் 4 அங்குலம் இருந்தால்தான் இழுபடாத துணியில் மூச்சு விட முடியும். சுடிதாருக்கு மேல் போடும் ஸ்வெட்டருக்கு 26 பாருங்கள். அதோடு மேல்கையையும் அளந்துவிடுங்கள். இதைச் செய்தால் உடை மாற்றும் அறைக்குள் போய்க் கையை மாட்டிக்கொண்டு தவிக்கும் தொல்லை பாதிக்கு மேல் போய்விடும். கடையில் விரித்து விற்கும் ஆயத்த ஆடையிலும் எஸ், எம், எல் என்ற குறியோடு சென்டிமீட்டர் அளவும் போட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. உங்கள் 46 அங்குலம் என்பது 117 சென்டிமீட்டர். லேபிளில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

விற்பனைப் பெண்ணிடம் பேச்சை நீங்கள் தொடங்குங்கள். "46 அங்குலம், மேல்கை 17. இந்த அளவில் என்னென்ன இருக்கிறதோ எடுத்துப் போடுங்கள்" என்று கேட்டால், அவர் உங்களைப் பார்ப்பதை விட்டு அலமாரியைப் பார்ப்பார். (17 என்பது என் ஊகம்; உங்கள் கையை அளந்து சரியான எண்ணைச் சொல்லுங்கள்.) அதற்குப் பிறகும் வாய்க்கு வந்ததைச் சொன்னால் மேலாளரைக் கூப்பிடுங்கள். கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. மலையிறங்கி, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, காசு கொடுத்து வாங்க வந்த வாடிக்கையாளர் நீங்கள்.

கோயம்புத்தூரை விடத் திருப்பூர் உங்களுக்குப் பயன்படும். மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர், அவிநாசி வழியாகப் போய்விடலாம். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் பின்னலாடைகளை அங்கேதான் தைக்கிறார்கள். அந்த நாடுகளுக்குப் பெரிய அளவுகள் நிறையப் போகின்றன. ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டைக் கடைகளில் விற்பனைக்கு வரும். உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் தைக்கப்படும் துணி கடல் கடந்து போகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்கிறார்கள். இது எனக்கு ஆறாத ஆத்திரம். டி-சர்ட், இரவு உடை, உள்ளே போடும் முழுக்கை பனியன், தடித்த பின்னல் மேலாடை இவற்றை அங்கே பாருங்கள். வெளிநாட்டு வெட்டு என்பதால் கை நீளமாக இருக்கும்; மடித்துத் தைத்துக்கொள்ளலாம். சில கடைகளில் மொத்தமாகத்தான் கொடுப்பார்கள். நுழையும்போதே சில்லறை விற்பனை உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்வெட்டருக்கு ஊட்டியில் திபெத்தியர்கள் நடத்தும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகனைக் கேளுங்கள். தலை வழியாக மாட்டும் ரகம் மார்பில் நின்றால் இடுப்பில் ஏறிக்கொள்ளும். ஆண்கள் ஸ்வெட்டர் உங்களுக்குச் சரிப்படாததும் இதே காரணத்தால்தான்: தோள் அகலமாகவும் இடுப்பு ஒடுங்கியும் பின்னப்படுவது அது. கிடைக்காவிட்டால் பின்னத் தருவதுதான் நல்ல வழி. கையால் பின்னத் தெரிந்த பெண்கள் இன்னும் மலையில் இருக்கிறார்கள். எத்தனை உருண்டை வேண்டும் என்று பின்னுபவரிடமே கேட்டு, நூல் முழுவதையும் ஒரே சாயத் தொகுதியில் ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள். பாதியில் போய் வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறிவிடும். சால்வை போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோடர்களின் புத்துக்குளி போல உடம்பைச் சுற்றிப் போர்த்தும் துணிக்கு அளவுக் கவலை இல்லைதான். ஆனால் நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவருக்குக் கை உள்ள உடை வேண்டும்.

கல்யாணத்துக்குச் சேலை சிக்கல் இல்லை, ஜாக்கெட்தான் சிக்கல். பட்டுச் சேலையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். முழங்கை வரை கை வைக்க உங்களுக்கு அது போதாது. துணியை வெட்டும் முன் தையல்காரரிடம் காட்டி, போதாவிட்டால் கரைக்குப் பொருந்தும் நிறத்தில் தனியாக வாங்குங்கள். பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது ஏற்கெனவே பிடிக்கும் ஜாக்கெட். அந்தப் பிடிப்பையும் சேர்த்தே தைத்துத் தருவார்கள். உடம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள். பக்கத் தையலில் இரு புறமும் ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விடச் சொல்லுங்கள். பெருத்தால் பிரிக்கலாம், இளைத்தால் பிடிக்கலாம். கை தூக்கும்போது இழுத்தால் அக்குளில் சாய்சதுரமாக ஒரு சிறு துண்டு வைத்துத் தைக்கலாம். பழைய தையல்காரர்களுக்கு இது தெரிந்த வேலை. பட்டுத் துணியை இறுக்கமாகத் தைத்தால் தையல் ஓரத்திலேயே இழை விட்டுவிடும், அதனால் உள்ளே பருத்தி லைனிங் அவசியம். ஓட்டுத் தையல் போட்ட நிலையில் ஒரு தடவை போட்டுப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி, உட்கார்ந்து எழுந்து, பிறகுதான் இறுதித் தையலுக்குச் சம்மதியுங்கள். மார்கழிக் கடைசியில் எல்லாரும் தையல் கடையில் வந்து நிற்பார்கள். நீங்கள் கார்த்திகையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது, அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று 4 அங்குலம் தவறிப்போவது இங்கேதான். உங்கள் பின்கோடைப் போட்டு, திரும்ப எடுக்க வருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள். கையில் இருக்கும் அந்தக் குர்தியில் அச்சிட்ட அளவும் உண்மையான அளவும் வேறுபட்டால் அது விற்றவரின் குறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அளவு சரியாகவே இருந்தால் அக்குளில் துண்டு வைக்க அதையும் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தங்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் மேல் உங்களுக்கு மனத்தாங்கல் வந்திருக்கிறது, எழுதாவிட்டாலும் தெரிகிறது. அதற்காக அவரை ஒதுக்க வேண்டாம். கல்யாணச் சேலை எடுக்க அவரையே அழைத்துப் போங்கள். சேலைக் கடையில் இருவருக்கும் ஒரே ஆறு கஜம்தான். தையல் கடைக்கும் திருப்பூருக்கும் மட்டும், உங்களைப் போன்ற உடம்புள்ள ஒரு தோழியோ அண்ணியோ இருந்தால் அவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருவர் சேர்ந்து போனால் ஒரே அளவில் இரண்டு கேட்கலாம். அப்போது கடைக்காரரும் கட்டைப் பிரித்துக் கொடுக்கத் தயங்க மாட்டார்.